விக்டோரியா கால ஸ்டீம்பங்க் உலகம் கட்டுறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிளைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா ஆடுற ரோல்பிளேயிங் கேம்ஸுக்கு சொந்தமா ஒரு ஸ்டீம்பங்க் செட்டிங், அதாவது நீராவி மெஷின்கள் நிஜத்தை விட எங்கயோ போயிட்ட ஒரு பழைய கால உலகம், கட்டணும்னு நினைக்கிற ஜிஎம்களுக்காக (கேம் மாஸ்டர், கதையை நடத்துறவர்) இது. நீங்க எந்த ரூல்புக் வச்சு ஆடினாலும் பரவாயில்ல. உதாரணத்துக்கு கடைசி வரைக்கும் ஒரே செட்டிங்கைத்தான் எடுத்துக்கப் போறேன்: 1848 ஏப்ரல் மாச லண்டன், ஆனா சார்லஸ் பாபேஜ்ங்கற கணித மேதையோட கணக்கு மெஷின் நிஜமாவே ஓடிட்டு இருக்குற லண்டன்.

ஸ்டீம்பங்க்னா பித்தளைக் கண்ணாடியும் பல்சக்கரம் ஒட்டின தொப்பியும்தானே?

போட்டோவுக்கு அது போதும். ஆடுறப்ப தொப்பியை யாரும் பாக்குறதில்ல, கேரக்டர் ஷீட்டைத்தான் பாக்குறாங்க. அந்தப் பேரே 1987-ல ஒரு ரைட்டர் பத்திரிகைக்கு எழுதின லெட்டர்ல பாதி விளையாட்டா சொன்னது, அப்புறம் அப்படியே ஒட்டிக்கிச்சு. என் கணக்குல ஒரு நீராவி உலகத்துக்கு உயிர் வர்றது ஒரே ஒரு கேள்வியாலதான்: இந்த மெஷினுக்குக் கரி அள்ளிப் போடுறது யாரு? புதுசா எந்த மெஷினைக் கொண்டு வந்தாலும் இதைக் கேளுங்க, கூடவே அந்தக் கரிக்குக் காசு யாரு குடுக்குறா, மெஷின் வந்ததால யாருக்கு வேலை போச்சுன்னும் கேளுங்க. மூணு பதில் கிடைச்சா மூணு என்பிசி, அதாவது ஜிஎம் நடிக்கிற கேரக்டர், கிடைச்ச மாதிரி. பதில் வரலன்னா அந்த மெஷின் வெறும் ஸ்டேஜ் செட், தூக்கிப் போட்டுடுங்க.

வரலாறை எந்த இடத்துல திருப்பணும்? எத்தனை இடத்துல திருப்பலாம்?

ஒரே இடத்துல. அதுவும் முடிஞ்ச வரை சின்ன இடமா. பத்து இடத்துல மாத்தினா அது ஆல்டர்நேட் ஹிஸ்டரி இல்ல, வேற கிரகம். பிளேயர்ஸுக்கு எது நிஜம் எது நீங்க மாத்தினதுன்னு பிடிபடாது, அவங்களால எதையும் யூகிக்க முடியாது, யூகிக்க முடியலன்னா திட்டம் போட மாட்டாங்க, நீங்க சொல்றதைக் கேட்டுட்டு சும்மா உக்காந்திருப்பாங்க.

திருப்புறதுக்கு அந்தக் காலத்துல நல்ல இடங்கள் நிறையவே இருக்கு. 1840 ஜூன் 10-ம் தேதி எட்வர்ட் ஆக்ஸ்ஃபோர்டுன்னு ஒரு பையன் கர்ப்பமா இருந்த விக்டோரியா ராணியைக் குறி வச்சு ரெண்டு துப்பாக்கியாலயும் சுட்டான், ராணிக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா அடுத்த ராஜா அவங்க சித்தப்பா எர்னஸ்ட், அதாவது ஹானோவர் ராஜா, இங்கிலாந்துல அந்த ஆளுக்குச் சுத்தமா நல்ல பேர் கிடையாது. இன்னொண்ணு, வால்டர் ஹான்காக் 1833-லயே லண்டன் ரோட்டுல நீராவி பஸ் விட்டாரு. டோல் காசும் எதிர்ப்பும் சேர்ந்து அந்தத் தொழிலையே முடக்கிச்சு, 1865-ல வந்த சட்டம் வண்டிக்கு முன்னாடி ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடிச்சுட்டு நடக்கணும்னு சொல்லிடுச்சு, ஊருக்குள்ள வேகம் மணிக்கு 2 மைல். அந்த டோல் மட்டும் குறைஞ்சிருந்தா? இது ஒண்ணுலயே ஒரு முழு கேம்பெயின் (பல செஷன் நீளுற கதை) ஓட்டலாம்.

நீங்க ஏன் பாபேஜை எடுத்தீங்க? எல்லாரும் அதைத்தானே எடுக்குறாங்க?

எடுக்குறாங்க, ஆனா பாதிப் பேர் "பாபேஜ் ஜெயிச்சுட்டாரு"ன்னு ஒரு வரில தாண்டிடுறாங்க. அவரு ஏன் தோத்தாருங்கறதுதான் சுவாரஸ்யமே.

1823-ல இருந்து பிரிட்டிஷ் கவர்மெண்ட், கணக்கு அட்டவணை போடுற அவரோட டிஃபரன்ஸ் என்ஜினுக்குக் காசு குடுத்துட்டு வந்துச்சு. நிறுத்தறதுக்குள்ள 17,000 பவுண்டுக்கு மேல போயிடுச்சு, அந்தக் காலத்துல ஸ்டீஃபன்சன் கம்பெனியோட ஒரு ரயில் என்ஜின் சுமார் 800 பவுண்ட்னா பாத்துக்குங்க. உண்மைல பாகங்களை உருவாக்கினது ஜோசஃப் கிளெமென்ட்னு ஒரு மெக்கானிக், படு கெட்டிக்காரர், பில்லும் அதே கெட்டிக்காரத்தனத்தோட போடுவாரு. 1832-ல மெஷினோட ஏழுல ஒரு பங்கு அளவுக்கு ஒரு துண்டைச் சேர்த்து ஓட்டிக் காட்டினாங்க, அருமையா ஓடுச்சு. அடுத்த வருஷம் பட்டறையை பாபேஜ் வீட்டுப் பக்கத்துக்கு மாத்தணும்னு பேச்சு வந்துச்சு, கிளெமென்ட் அதுக்கு நஷ்ட ஈடு கேட்டாரு, குடுக்கல, கருவிகளைக் கீழ வச்சுட்டாரு. அந்தக் கால வழக்கப்படி அந்த ஸ்பெஷல் கருவிகள் எல்லாம் செஞ்சவருக்கே சொந்தம், அதனால அவரோட சேர்ந்து அதுவும் போச்சு. அப்புறம் 1834-ல பாபேஜுக்கு இன்னும் பெரிய ஐடியா வந்துச்சு, எந்தக் கணக்கு சொன்னாலும் போடுற அனலிட்டிகல் என்ஜின். பழசையே முடிக்காத மனுஷன் புதுசுக்குக் காசு கேட்டா யாரு குடுப்பா? 1842-ல ஒரேடியா இழுத்து மூடிட்டாங்க.

டெக்னாலஜி பத்தலைன்னு ஒரு பேச்சு உண்டு, அது எடுபடாது. லண்டன் சயன்ஸ் மியூசியம் 1991-ல அவரோட ரெண்டாவது டிஃபரன்ஸ் என்ஜின் டிசைனை அந்தக் காலத்து மெஷின்களால முடிஞ்ச துல்லியத்துக்கு மேல போகாம கட்டிக் காட்டிடுச்சு, 2002-ல பிரிண்டரும் சேர்த்தாச்சு. மொத்தம் 8,000 பாகம், 5 டன்.

அதனால நான் திருப்புற இடம் இதுதான்: 1833-ல கிளெமென்ட் கேட்ட நஷ்ட ஈட்டை ட்ரெஷரி, அதாவது நிதித்துறை, முணுமுணுத்துக்கிட்டே குடுத்துடுது. அவ்ளோதான், வேற எதையும் தொடல. முதல் மெஷின் முடியுது, அதைக் காட்டி அனலிட்டிகல் என்ஜினுக்குக் காசு வருது, 1846-ல சாமர்செட் ஹவுஸ் கட்டடத்து அடித்தளத்துல அது புகை விட ஆரம்பிக்குது.

சரி, மெஷின் ஓடுது. அதனால உலகத்துல என்ன மாறும்?

இங்கதான் ஜிஎம்கள் அவசரப்பட்டு கம்ப்யூட்டர், இன்டர்நெட், ஹேக்கிங்னு தாவிடுறாங்க. கொஞ்சம் நிதானம். அந்த மெஷினை நிஜமா யாரு விரும்புனாங்கன்னு பாருங்க. ஸ்வீடன்ல ஷூட்ஸ்னு ஒரு அப்பாவும் மகனும் பாபேஜ் ஐடியாவை வச்சு 1853-ல சின்ன மெஷின் ஒண்ணு செஞ்சாங்க, அதே மாதிரி ஒண்ணை இங்கிலாந்தோட பிறப்பு இறப்பு பதிவு ஆபீஸ் வாங்கி ஆயுள் அட்டவணை போட்டுச்சு, 1864-ல புக்காவும் வந்துச்சு. அதாவது எந்த வயசுக்காரன் எப்போ சாவான்னு கணக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இதைவிட என்ன வேணும்? அந்தப் பதிவு ஆபீஸ் இருந்ததும் அதே சாமர்செட் ஹவுஸ்லதான், புள்ளிவிவரப் புலி வில்லியம் ஃபார் அங்கதான் வேலை பாத்தாரு. அதான் மெஷினை நான் அந்தக் கட்டடத்துல வச்சேன், பக்கத்துலயே தேம்ஸ், கரிப் படகு வாசல் வரைக்கும் வரும்.

அடுத்தது அட்டை. அனலிட்டிகல் என்ஜினுக்கு உத்தரவு குடுக்குறது ஓட்டை போட்ட அட்டைகள், அட்டை ஓட்டையைப் பாத்துப் பூ வேலை நெய்யுற ஜாக்கார்ட் தறில இருந்து எடுத்த ஐடியா. அட்டைல ஓட்டை போடத் தெரிஞ்சவங்க லண்டன்ல யாரு? ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளிங்க! ஜாக்கார்ட் தறி அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு, ஆனா 1824-ல அவங்க கூலியைக் காப்பாத்தின சட்டத்தை எடுத்துட்டதால வறுமைல கிடந்தாங்க. என் லண்டன்ல அவங்க புது வேலை அட்டை வெட்டுறது, கூலி அட்டைக் கணக்கு. தறி போய் மெஷின் வந்துச்சு, பசி அப்படியே இருக்கு. செட்டிங்கோட முதுகெலும்பே இவங்கதான், பாபேஜ்கூட அடுத்த படிதான்.

மூணாவது, ஸ்க்ரூ. ஜோசஃப் விட்வொர்த் கிளெமென்ட் பட்டறைல வேலை பாத்தவரு, 1841-ல அவர் ஸ்க்ரூ மரைக்கு ஒரு பொது அளவு வேணும்னு எழுதினாரு. மெஷின் முடிஞ்ச உலகத்துல அது இன்னும் சீக்கிரம் பரவியிருக்கும், அதனால எந்த ஊர்ப் பட்டறையும் எந்த மெஷினுக்கும் பாகம் செஞ்சு தர முடியும். கள்ள மார்க்கெட்டுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா.

ஏன் குறிப்பா 1848?

ஐரோப்பா முழுக்கப் பத்தி எரிஞ்ச வருஷம் அது. பிப்ரவரில பாரிஸ்ல புரட்சி, ராஜா லூயி ஃபிலிப் "மிஸ்டர் ஸ்மித்"னு பொய்ப் பேர் சொல்லி இங்கிலாந்துக்குத் தப்பி வந்துட்டாரு. லண்டன்ல சார்ட்டிஸ்ட்டுங்க, அதாவது எல்லா ஆம்பளைக்கும் ஓட்டு வேணும்னு கேட்ட தொழிலாளர் இயக்கம், ஏப்ரல் 10-ம் தேதி கென்னிங்டன் மைதானத்துல கூடி பார்லிமெண்டுக்கு மனு குடுக்குறதா அறிவிச்சாங்க. அரசாங்கம் அரண்டு போச்சு: ராணியைக் குடும்பத்தோட வைட் தீவுக்கு அனுப்பினாங்க, வயசான வெலிங்டன் பிரபுகிட்ட நகரப் பாதுகாப்பைக் குடுத்தாங்க, தந்திக் கம்பிகளை அரசாங்கம் கைல எடுத்துக்கிச்சு, பேங்க் ஆஃப் இங்கிலாந்து மேல மணல் மூட்டை. ஆயிரக்கணக்குல ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சேர்த்தாங்க, அதுல ஒருத்தர் லூயி நெப்போலியன், அதே வருஷக் கடைசில பிரான்ஸ் ஜனாதிபதி ஆன அதே ஆள். இதெல்லாம் நிஜம், நான் ஒரு பொட்டும் சேர்க்கல. இவ்ளோ இருக்கும்போது டிராகன் எதுக்கு?

அன்னிக்கு ஊர்வலத்தைத் தடுத்துட்டாங்க, மனு மட்டும் வாடகை வண்டில பார்லிமெண்டுக்குப் போச்சு. தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானர் 57 லட்சம் கையெழுத்துன்னாரு. 13 கிளார்க்குங்க 17 மணி நேரம் எண்ணி 19,75,496 தான்னு சொன்னாங்க. அதுலயும் 'விக்டோரியா ரெக்ஸ்' (ரெக்ஸ்னா ராஜா), வெலிங்டன் பிரபு, 'சப்பைமூக்கு'ன்னு போலிப் பேர் எல்லாம் இருக்குன்னு சபைல படிச்சுக் காட்ட, சபையே சிரிச்சுச்சு. இயக்கம் அந்தச் சிரிப்புல இருந்து எழுந்திரிக்கவே இல்ல.

முதல் அட்வென்ச்சருக்கு ஏதாவது ஐடியா?

மேல சொன்ன எண்ணிக்கைதான் அட்வென்ச்சரே. என் உலகத்துல அந்த மனு கிளார்க்குங்ககிட்ட போகல, சாமர்செட் ஹவுஸ் மெஷினுக்குப் போகுது. இயந்திரம் பொய் சொல்லாதுன்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க, அதான் கூத்து.

கணக்கைப் பாருங்க. தாளுக்கு 100 கையெழுத்துன்னு வச்சா 57,000 தாள். 300 அட்டை வெட்டுறவங்க இருந்தா ஆளுக்கு 190 தாள், 17 மணி நேரத்துல மணிக்குச் சுமார் 11. முடியும், ஆனா கை கழண்டுடும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு அட்டை: எத்தனை பேர்ங்கறதுக்கு ஓட்டைகள், கடைசில ஒரே ஒரு தனி ஓட்டை, "இந்தத் தாள் சந்தேகம்"னு. உள்துறைல இருந்து வந்த உத்தரவு: ஒரே கையெழுத்துல ரெண்டு பெயர் இருந்தா சந்தேக ஓட்டை போடு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களுக்குத் தெருவுல எழுதத் தெரிஞ்ச ஒருத்தர்தான் எல்லார் பேரையும் எழுதியிருப்பாரு, நிஜ மனுவுலயும் ஒரே கை எழுதின தாள்கள் வரிசையா இருந்துச்சு. மெஷின் சரியாத்தான் கூட்டும், ஓட்டை போடுற கைதான் விஷயம். அட்டை வெட்டுறவங்கள்ல பாதிப் பேர் அந்த மனுவுல கையெழுத்து போட்டவங்க வேற.

டேபிள்ல இதை இப்படி ஆடுங்க: பத்துப் பன்னெண்டு பேர் எழுதின தாள்களை முன்னாடியே தயார் பண்ணிடுங்க, கையெழுத்தை மாத்தி மாத்தி, சிலதை வேணும்னே ஒரே கைல. ஆளுக்கு ஒரு சாதா பேப்பர் பன்ச்சும் கொஞ்சம் கெட்டி அட்டையும் குடுங்க, மணல் கடிகாரமோ போன் டைமரோ வையுங்க. டைஸே வேணாம். பத்து நிமிஷத்துல ஒருத்தர் "ஏய், இது எங்க தெரு ஆளுங்கடா"ன்னு கத்துவாரு, இன்னொருத்தர் கங்காணி வர்றதைப் பாத்து அட்டையை சட்டைக்குள்ள சொருகுவாரு. அந்தச் சத்தம் வந்துட்டா செட்டிங் செட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

வில்லியம் கஃபேயை மறந்துடாதீங்க. கறுப்பின தையல்காரர், அடிமையா இருந்தவரோட மகன், ஏப்ரல் 10 ஊர்வல ஏற்பாட்டுல முக்கியமான ஆளு, அதே வருஷம் அவருக்கு நாடு கடத்துற தண்டனை குடுத்தாங்க, அடுத்த வருஷம் கைதியா டாஸ்மேனியாவுக்குக் கப்பலேத்திட்டாங்க. என்பிசின்னா இவரை மாதிரி இருக்கணும், தைரியமும் இருக்கு, கோவமும் இருக்கு, இழக்குறதுக்கும் ஏதோ கொஞ்சம் இருக்கு.

ஏர்ஷிப் இல்லாம ஸ்டீம்பங்க்கா?

வையுங்களேன், ஆனா அளவா. ஹென்றி ஜிஃபார் 1852-ல பாரிஸ்ல இருந்து நீராவி ஏர்ஷிப்ல 27 கிலோமீட்டர் பறந்தாரு, என்ஜின் 3 குதிரைசக்தி, மேல ஹைட்ரஜன் கீழ நெருப்பு, அதனால புகைபோக்கியைக் கீழ்ப்பக்கமாத் திருப்பி வச்சிருந்தாரு. காத்துக்கு எதிரா திரும்பி வர முடியல. அந்த ஒரு விஷயத்தை விடாதீங்க: ஏர்ஷிப்ல போகலாம், திரும்பி வர்றது காத்தோட இஷ்டம். சண்டைக் காட்சியை விட இது டென்ஷன். நம்ம 1848-லயே ஜான் ஸ்ட்ரிங்ஃபெல்லோ சார்ட் ஊர்ல ஒரு லேஸ் ஆலைக்குள்ள பத்தடி இறக்கை வச்ச நீராவி விமான மாடலைப் பறக்கவிட்டாரு, அதைத் திருடுற ஒரு சைடு மிஷன் தாராளமா வைக்கலாம்.

இன்னும் விநோதம் வேணும்னா டெவன் பக்கம் போங்க. அங்க இன்ஜினியர் புருனெல்லோட காத்து ரயில், அதாவது என்ஜினே இல்லாம குழாய்க்குள்ள காத்தை உறிஞ்சி இழுக்குற ரயில், 1848 ஏப்ரல்ல நிஜமாவே ஓடிட்டு இருந்துச்சு. குழாயை மூடுற தோல் பட்டை வீணாப்போய் செப்டம்பர்ல மூடிட்டாங்க. சேர்க்கவே வேணாம், ஏற்கனவே இருக்கு.

நீராவி மெஷினுக்கு ரூல்ஸ் எப்படி எழுதுறது?

துப்பாக்கி மாதிரி எழுதாதீங்க, எடுத்தோம் சுட்டோம்னு. பாய்லர்னா காத்திருக்கணும், ரயில் என்ஜினைக் குளிர்ந்த நிலைல இருந்து சூடேத்தவே சில மணி நேரம் ஆகும். நான் வைக்கிறது ஆறு கட்டம் போட்ட ஒரு பிரஷர் வரிசை. யாராவது ஒருத்தர் தன் டர்னைக் கரி போடச் செலவழிச்சா ஒரு கட்டம் ஏறும். மெஷினைப் பயன்படுத்துற ஒவ்வொரு தடவையும் ஒண்ணோ ரெண்டோ இறங்கும். அஞ்சாவது கட்டத்துக்குப் போயிட்டா ஒவ்வொரு ரவுண்டும் ஆறு முக டைஸ் ஒண்ணு உருட்டணும், 1 விழுந்தா சேஃப்டி வால்வ் திறந்து மொத்தப் பிரஷரும் போயிடும், சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். வால்வைக் கட்டிப் போடலாம், அந்தக் காலத்துல நிஜமாவே அப்படிப் பண்ணி வெடிச்சுச் செத்தாங்க, அப்போ 1 விழுந்தா வெடிப்பு. ரூல் அவ்ளோதான், அரைப் பக்கம். ஆனா டேபிள்ல நடக்குறதைப் பாருங்க, "ஒரு ரவுண்டு மட்டும் கட்டிப்போடு, ப்ளீஸ்"னு ஒருத்தர் கெஞ்சுவாரு, கரி போடுற கேரக்டர் அன்னிக்கு ஹீரோ ஆயிடுவாரு. பாய்லர் வெடிப்பைத் தடுக்க மான்செஸ்டர்ல ஒரு சங்கம் 1854-ல வந்துச்சு, அதுக்குப் பிறகுதான் ஒழுங்கான இன்ஸ்பெக்‌ஷன். நம்ம 1848-ல எவனும் செக் பண்ண மாட்டான்.

செய்தி எவ்ளோ வேகமா போகும்? பிளேயர்ஸ் தப்பிச்சு ஓட முடியுமா?

துப்பறியும் கதைக்கு இதான் உயிர். 1845 ஜனவரி 1-ம் தேதி ஜான் டாவெல்னு ஒருத்தன் ஸ்லவ் பக்கத்துல ஒரு பொண்ணைக் கொலை பண்ணிட்டு லண்டன் ரயில்ல ஏறிட்டான். முன்னாடியெல்லாம் ரயிலைத் துரத்த எதுவும் கிடையாது, ஆனா அந்த ரூட்ல தந்தி இருந்துச்சு. அந்தத் தந்தி மெஷின்ல க்யூங்கற எழுத்தே கிடையாது, அவனோ குவேக்கர் பிரிவுக்காரன் மாதிரி டிரஸ் போட்டிருந்தான், அதனால குவேக்கர்ங்கற வார்த்தையை க்யூவுக்குப் பதிலா கே, டபிள்யூ போட்டு எழுத்துக்கூட்டி அனுப்பினாங்க, அந்தப் பக்கம் இருந்தவருக்கு முதல்ல ஒண்ணும் புரியல, எப்படியோ புரிஞ்சு லண்டன் பேடிங்டன் ஸ்டேஷன்ல ஆள் தயாரா நின்னாச்சு. டாவெலைத் தூக்குல போட்டாங்க. உங்க பிளேயர்ஸ் தப்பிக்கணும்னா அந்த மாதிரி ஓட்டையைத் தேடட்டும்: எந்த எழுத்து இல்ல, எந்த ஊர்ல கம்பி இல்ல, ராத்திரி ஆபரேட்டர் யாரு.

நேரமும் ஒரு ஆயுதம். ரயில்கள் பெரும்பாலும் லண்டன் நேரத்துல ஓடுது, ஆனா பிரிஸ்டல் தன் சொந்த நேரத்தை 1852 வரைக்கும் விடல, பத்து நிமிஷம் பின்னாடி. அங்க எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக் கடிகாரத்துல இன்னிக்கும் ரெண்டு நிமிஷ முள் இருக்கு. அலிபிக்கு, அதாவது "அப்போ நான் வேற இடத்துல இருந்தேன்"னு நிரூபிக்கறதுக்கு, இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பவுண்ட், ஷில்லிங், பென்ஸ் எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். சாதா கூலிக்காரனுக்கு வாரம் 10-ல இருந்து 15 ஷில்லிங். இதுக்கு மேல தேவையில்ல, பேரம் பேசுறப்ப ஷில்லிங்ல பேசுங்க, லஞ்சம்னா பவுண்டுல பேசுங்க, பணக்காரன் கின்னினு சொன்னா 21 ஷில்லிங்.

பொண்ணு கேரக்டர் எடுத்தா வீட்டுல உக்காந்து தையல் போடணுமா?

ஏழை வீட்டுல எந்தப் பொண்ணு அந்தக் காலத்துல சும்மா உக்காந்தா? ஆலை, தறி, வீட்டு வேலை, தெரு வியாபாரம் எல்லாத்துலயும் இருந்தாங்க. சட்டம்தான் கட்டிப்போட்டுச்சு, கல்யாணம் ஆன பொண்ணு சம்பாதிச்சதுகூட புருஷன் சொத்து, 1870 வரைக்கும். அதைக் கதைக்குத் தடையா வைக்காதீங்க, எதிரியா வையுங்க. கணக்குல கெட்டிக்காரியான ஏடா லவ்லேஸ் 1848-ல உயிரோட இருக்காங்க, அனலிட்டிகல் என்ஜினைப் பத்தின ஒரு கட்டுரையை மொழிபெயர்த்து 1843-ல அவங்க சேர்த்து எழுதின குறிப்புகள் அந்தக் கட்டுரையை விட நீளம், குதிரைப் பந்தயத்துலயும் நல்ல ஆர்வம். மெஷின் ஓடுற உலகத்துல அவங்க பந்தயக் கணக்குக்கு அட்டை போடாம இருப்பாங்களா?

இந்தியா, இலங்கை ஆளுங்களை எப்படிக் கொண்டு வர்றது? வேலைக்காரனாவும் மர்ம சாமியாராவும் மட்டும் வர்றது கடுப்பா இருக்கு.

எனக்கும்தான். அந்தக் காலமே நல்ல ஆளுங்களைத் தருது. அர்தசீர் கர்செட்ஜி வாடியா, பாம்பே பார்ஸி கப்பல் கட்டுற குடும்பம், நீராவி இன்ஜினியர், 1841-ல ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியர். பாம்பே ஸ்டீம் ஃபேக்டரில சீஃப் இன்ஜினியரா வெள்ளைக்காரங்களை வேலை வாங்கினவரு. துவாரகநாத் தாகூர் ராணிகஞ்ச் கரிச் சுரங்கத்துக்கே சொந்தக்காரரு, 1846-ல லண்டன்லதான் செத்தாரு. இவங்களோட வந்த ஒரு இளம் இன்ஜினியர், ஒரு அக்கவுண்டன்ட், கப்பல்ல வந்து கரி போடுற ஒரு லாஸ்கர் (பிரிட்டிஷ் கப்பல்ல வேலை பாத்த ஆசிய மாலுமி), மூணுமே முழு கேரக்டர்.

தமிழர்களும் இதுல நேரடியா மாட்டியிருக்காங்க. 1840-கள்ல தென்னிந்தியாவுல இருந்து ஆயிரக்கணக்கான பேர் கடல் தாண்டி மன்னார் பக்கம் இறங்கி, காட்டு வழியா நடந்தே கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்குப் போனாங்க, வழிலயே காலராவுலயும் காய்ச்சல்லயும் செத்தவங்க ஏராளம். 1847-ல லண்டன்ல பண நெருக்கடி, காப்பி விலை விழுந்துச்சு, தோட்டங்கள் திவாலாச்சு. 1848 ஜூலைல மாத்தளைல புது வரிகளை எதிர்த்துக் கலகம் வெடிச்சுச்சு. இப்போ நம்ம மெஷினை இதுக்கு நடுவுல வையுங்க: ஒரு லண்டன் காப்பிக் கம்பெனி எத்தனை ஆளு செத்தாலும் எத்தனை பேரை அனுப்பினா லாபம்னு சாமர்செட் ஹவுஸ்ல காசு கட்டிக் கணக்குப் போடுது. அந்த அட்டைக் கட்டு பிளேயர்ஸ் கைல கிடைக்குது. ஓட்டையைத்தான் பாக்க முடியும், எது எதைக் குறிக்குதுன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு செஷன் ஆகும், கண்டுபிடிச்ச அப்புறம் டேபிள் கொஞ்ச நேரம் பேசாது.

ஒரே ஒரு எச்சரிக்கை, முதல் செஷனுக்கு முன்னாடியே உக்காந்து பேசிக்குங்க. இனவெறி வசனத்தை எவ்ளோ தூரம் வாய்விட்டுப் பேசலாம், எதை "அவன் கேவலமாத் திட்டினான்"னு சொல்லி நகந்துடலாம்னு. கொடுமை இருந்துச்சுன்னு காட்டணும், ஆனா லீவு நாள்ல ஆட வந்த நண்பர் அதை மூஞ்சிக்கு நேரா வாங்கணும்னு கட்டாயம் இல்ல.

தமிழ்ல ஆடுறப்ப இங்கிலீஷ் வர்க்க வித்தியாசம் எப்படி வரும்?

நமக்கு நீ, நீங்க, வாடா, வாங்கய்யா எல்லாம் இருக்கே. பிரபு கங்காணியை "நீ"ங்கட்டும், கங்காணி அட்டை வெட்டுறவனை "டேய்"ங்கட்டும், எவனாவது ஒருத்தன் கலகத்தன்னிக்கு பிரபுவைப் பாத்து "நீ"ன்னு சொன்னா டைஸ் எதுவும் வேணாம். லண்டன் கீழ்த்தட்டு ஆளுங்களுக்கு மெட்ராஸ் பாஷை குடுக்குறது சிலருக்குப் பிடிக்குது, எனக்கு அது மூணாவது வசனத்துலயே காமெடி டிராக் ஆயிடுது, வேணாம்.

பேய், மந்திரம், ரோபோ சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனா இந்த செட்டிங்ல நான் சேர்க்க மாட்டேன். ஆவிகளோட பேசுற மோகம் அந்த ஊர்ல 1850-கள்லதான் சூடு பிடிச்சுச்சு, போலி சாமியாடி ஒருத்தர் இருந்தா போதும்.

எவ்ளோ படிக்கணும்?

ஒரு தெரு, ஒரு கட்டடம், ஒரு வாரம். லண்டன் முழுக்கப் படிக்க உக்காந்தா கேம் ஆரம்பிக்கவே மாட்டீங்க. ஓல்ட் பெய்லி கோர்ட் வழக்குப் பதிவுகள் 1674-ல இருந்து 1913 வரைக்கும் ஆன்லைன்ல இலவசமா இருக்கு, 1848-னு போட்டுத் தேடுங்க, யாரு எந்தக் கடைல என்ன திருடினான், அது என்ன விலை, சாட்சி என்ன சொன்னான்னு வரிக்கு வரி கிடைக்கும். பேரு, தொழில், திருட்டு எல்லாம் அள்ளிக்கலாம். வில்லியம் கில்பர்ன் ஏப்ரல் 10 அன்னிக்கு கென்னிங்டன் கூட்டத்தை எடுத்த போட்டோவும் இருக்கு, அதைப் பிரிண்ட் எடுத்து டேபிள் நடுவுல வையுங்க, வேற ஆர்ட் தேவைப்படாது.

பிளேயர்ஸ் திடீர்னு ராணியைக் கொன்னுட்டா?

பண்ணுவாங்க, எல்லா க்ரூப்லயும் ஒருத்தர் இருக்காரு. பயப்படாம தொடருங்க. 1840-ல ஆகியிருந்தா ஹானோவர் சித்தப்பா வந்திருப்பாரு, 1848-ல அது நடக்காது, ராணிக்கு ஆறு பிள்ளைங்க, கடைசிக் குழந்தை பிறந்து மூணு வாரம்தான் ஆகுது. பட்டத்துக்கு வர்றது ஆறு வயசு ஆல்பர்ட் எட்வர்ட். 1840-லயே போட்ட சட்டப்படி வாரிசு பெரியவனாகுற வரைக்கும் ஆட்சி அப்பா ஆல்பர்ட் கைல. ஆல்பர்ட்டுக்கு இயந்திரங்கள்னா உயிரு, ஆனா ஜெர்மன்காரர்னு பாதி ஊருக்குப் பிடிக்காது. அடுத்த செஷனை இப்படி ஆரம்பிங்க: சாமர்செட் ஹவுஸ் வாசல்ல காவல் ரெட்டிப்பு, உள்ள மெஷின் நிக்காம ஓடுது, ஆல்பர்ட்டோட செயலாளர் ஒருத்தர் அட்டை வெட்டுறவங்க பெயர்ப் பட்டியலைக் கேட்டு நிக்கிறாரு, அந்தப் பட்டியல் உங்க பிளேயர் ஒருத்தர் சட்டைக்குள்ள இருக்கு.